குப்பை மெயிலைத் தடுக்க நான்கு வழிகள்: குமரி மாவட்டத்துச் சிறு நிறுவனத்துக்கு எது பொருந்தும்?

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிற ஒருவர் கேட்கிறார்: "ரூம் கேட்டு வர்ற மெயில் ஸ்பேம்ல போய் விழுது. லாட்டரி விழுந்திருக்குன்னு வர்றது மட்டும் இன்பாக்ஸ்ல ஜம்முனு உட்கார்ந்திருக்கு. வேற கம்பெனிக்கு மாறிரலாமா?" புதுக்கடைப் பக்கம் முந்திரி ஆலை வைத்திருப்பவருக்கு வேறு பயம். ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக் கொட்டை அனுப்பும் வியாபாரியின் பெயரில், வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக அவருக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. தக்கலை தாண்டி ஒரு கல்லூரி அலுவலகத்தில், பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளை ஜிமெயில் திருப்பி அடிக்கிறது. "அண்ணாச்சி, பேசாம சொந்தமா ஒரு சர்வர் போட்டுரலாமா?" என்பது அவர்கள் கேள்வி.

மூன்றும் வேறு வேறு தொல்லைகள். ஆனால் மூவர் முன்னாலும் இருக்கும் வழிகள் இந்த நான்குதான்: வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வரும் மெயில், ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் மெயில் சேவை, சொந்த மெயில் சர்வர், அல்லது சொந்த சர்வருக்கு முன்னால் ஒரு வடிகட்டிச் சேவை. விசிட்டிங் கார்டில் இலவச ஜிமெயில் முகவரியைப் போட்டு ஓட்டுகிறவர்களும் நம் ஊரில் நிறைய. ஒரே ஆள் நடத்தும் கடைக்கு அதில் தப்பில்லை. நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் அது சரிப்படாது. அந்த முகவரி யாருடைய போனில் இருக்கிறதோ, அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் மெயிலும் அவரோடு போய்விடும்.

## முதலில் ஒரு அடிப்படை

மெயில் அனுப்பும் முறையான எஸ்.எம்.டி.பி. 1982-இல் எழுதப்பட்டது. அனுப்புகிறவர் சொல்லும் பெயர் உண்மையா என்று சோதிக்க அதில் வழி வைக்கவில்லை. தபால் கவரின் மூலையில் அனுப்புநர் முகவரியை யாரும் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம் அல்லவா, அப்படித்தான். இந்த ஓட்டையை அடைக்கப் பின்னாளில் வந்தவை மூன்று. எஸ்.பி.எஃப்., எந்தெந்த சர்வர்கள் என் டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரில்) மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். டி.கே.ஐ.எம்., ஒவ்வொரு மெயிலிலும் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம். டி.மார்க், இவை இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்யலாம் என்று பெறுகிறவருக்கு நாம் சொல்லி வைக்கும் உத்தரவு. மூன்றுமே டொமைனின் டி.என்.எஸ். பகுதியில் (அந்தப் பெயருக்கு எந்தெந்த சர்வர் என்று இணையத்துக்குச் சொல்லும் பதிவேட்டில்) எழுதி வைக்கும் சில வரிகள்தான், காசு கிடையாது.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதைக் கண்டிப்பாக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே தட்டில் விலகும் வசதியும் வேண்டும். அதற்குக் கீழே அனுப்புகிறவர்களுக்கும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். ஒன்றாவது இருந்தாக வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆயிரம் பெற்றோரில் மூன்று பேர் எரிச்சலில் ஸ்பேம் பட்டனைத் தட்டினால் எல்லையைத் தொட்டாயிற்று. கல்லூரி மெயில் திரும்பி வந்ததன் காரணத்தை இந்தப் பக்கம்தான் முதலில் தேட வேண்டும். சர்வரை மாற்றினால் மட்டும் அது தீராது.

## எதை வைத்து எடை போடுவது

விற்கிறவர்கள் எல்லோரும் முதலில் காட்டுவது, எங்கள் வடிகட்டி இத்தனை சதவீத ஸ்பேமைப் பிடிக்கும் என்ற எண்ணை. என் பட்டியலில் அது கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முதல் கேள்வி, நல்ல மெயில் எவ்வளவு தொலைகிறது என்பது. பத்து குப்பை உள்ளே வந்தால் பத்து நொடி போகும். ஒரு சுற்றுலாக் குழுவின் இருபது ரூம் முன்பதிவு ஸ்பேமில் மறைந்தால் அது பணம்.

இரண்டாவது, நாம் அனுப்புவது போய்ச் சேருகிறதா.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது: நம் ஆள் ஒருவரின் பாஸ்வேர்ட் களவு போனால் என்ன ஆகும், எவ்வளவு நேரத்தில் நமக்குத் தெரியும்? இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று சத்தமானது. களவாடியவன் ராத்திரியோடு ராத்திரியாக நம் கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் ஸ்பேம் அனுப்புவான். விடிந்து பார்த்தால் நம் சர்வரின் ஐ.பி. முகவரி (இணையத்தில் அதன் எண்) பிளாக்லிஸ்டில், அதாவது ஸ்பேம் அனுப்புகிற இடங்களின் கறுப்புப் பட்டியலில் இருக்கும், எந்த மெயிலும் போகாது. மற்றது சத்தமில்லாதது. உள்ளே நுழைந்தவன் ஒன்றும் செய்யாமல், எல்லா மெயிலும் தனக்கு ஒரு நகல் வரும்படி ஒரு ஃபார்வர்ட் விதியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பான். முந்திரிக் கப்பல் தூத்துக்குடி வரும் நேரம், பில் தொகை, யார் யாரிடம் எப்படிப் பேசுவார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகு, ஒரே ஒரு எழுத்து மாறிய டொமைனிலிருந்து "கணக்கு எண் மாறிவிட்டது" என்று எழுதுவான். அந்த டொமைன் அவனே வாங்கியது, எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். எல்லாம் முறையாக இருக்கும். எந்த வடிகட்டியும் அதை உறுதியாகப் பிடிக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

நான்காவது, கோளாறு வந்தால் யார் பார்ப்பார்கள். ஐந்தாவது, மூன்று வருடத்துக்கு மொத்தச் செலவு. முதல் மாத விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

| | ஹோஸ்டிங் மெயில் | கட்டண மெயில் சேவை | சொந்த சர்வர் | சொந்த சர்வர் + வடிகட்டி |
|---|---|---|---|---|
| நல்ல மெயில் தொலைவது | அடிக்கடி | குறைவு | அமைப்பவரின் திறமையைப் பொறுத்தது | குறைவு, ஆனால் தேட இரண்டு இடம் |
| அனுப்புவது சேருமா | கூட இருப்பவர்களைப் பொறுத்தது | பெரும்பாலும் சேரும் | பெயர் வாங்க நாளாகும் | வெளியே ரிலே (நமக்காக மெயிலை அனுப்பித் தரும் சேவை) வைத்தால் சேரும் |
| பாஸ்வேர்ட் களவு போனால் | தாமதமாகவே தெரியும் | எச்சரிக்கை வரும், இரட்டைச் சரிபார்ப்பு உண்டு | நாமே ஏற்பாடு செய்ய வேண்டும் | பாதி அவர்கள், பாதி நாம் |
| யார் பார்ப்பது | ஹோஸ்டிங்காரர், மெதுவாக | சேவை நிறுவனம் | நாம் | நாமும் அவர்களும் |
| கண்ணுக்குத் தெரியும் செலவு | ஏறக்குறைய இல்லை | ஆளுக்கு மாதம் இவ்வளவு | வாடகை சொற்பம் | வாடகையும் கட்டணமும் |
| மறைந்த செலவு | தொலைந்த வியாபாரம் | தேவையில்லாத கணக்குகள் | ஆள் | ஆள், கொஞ்சம் குறைவாக |

## ஹோஸ்டிங்கோடு வரும் மெயில்

வெப்சைட் செய்து கொடுத்தவரே "மெயிலும் ஃப்ரீ சார்" என்று நாலைந்து முகவரி போட்டுக் கொடுத்திருப்பார். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் சின்ன நிறுவனங்கள் பலவற்றின் நிலை இதுதான்.

இதில் தெரியாமல் இருக்கும் விஷயம், அந்த ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் ஒரே ஐ.பி. முகவரியைப் பகிர்கின்றன. அவற்றில் ஒன்று பழைய வேர்ட்பிரஸ் ப்ளக்இன் வழியாக ஹேக் ஆகி ஸ்பேம் அனுப்ப ஆரம்பித்தால், பிளாக்லிஸ்டில் விழுவது எல்லோருக்கும் பொதுவான அந்த ஐ.பி. நீங்கள் ஒரு தப்பும் செய்யாமல் உங்கள் ரூம் கன்ஃபர்மேஷன் திரும்பி வரும். நல்ல ஹோஸ்டிங் நிறுவனங்கள் வெளியே போகும் மெயிலை வேறு வழியாக வடிகட்டி அனுப்பும். விலை மலிவானவை அதைச் செய்வதில்லை.

உள்ளே வரும் பக்கம் பெரும்பாலும் ஸ்பேம்அசாசின் இருக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போட்டு, 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும் மென்பொருள் அது. மோசமில்லை, ஆனால் யாரும் பழக்காமல், விதிகளைப் புதுப்பிக்காமல் விட்டால் மந்தமாகிவிடும். ஸ்பேமை நேரே அழித்துவிடும் வசதி கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. அதை இயக்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள், தனி ஃபோல்டருக்குப் போகட்டும். லாட்ஜ்காரரின் மெயிலாவது ஸ்பேமில் கிடந்தது, தேடி எடுத்தார். அழிந்திருந்தால் வந்ததே தெரியாது.

நம்மவர்கள் செய்யும் இன்னொரு வேலை, கம்பெனி முகவரிக்கு வருவதையெல்லாம் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் போட்டுவிடுவது. வசதிதான். ஆனால் வரும் ஸ்பேமும் அப்படியே போகிறது, ஜிமெயிலின் பார்வையில் அந்த ஸ்பேமை அனுப்புவது உங்கள் சர்வர். போதாததற்கு, ஃபார்வர்ட் ஆகும்போது உண்மையில் அனுப்பியவரின் எஸ்.பி.எஃப். பொருந்தாமல் போகிறது. லாட்ஜ்காரருக்கு வந்த நல்ல மெயில்கள் ஸ்பேமில் விழுந்ததற்கு இந்த ஃபார்வர்ட்தான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். இந்த வகைப் புகாரில் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான்.

கேட்ச்-ஆல் என்றொன்றும் இருக்கிறது: உங்கள் டொமைனில் இல்லாத பெயருக்கு வந்தாலும் வாங்கி வைப்பது. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் வாயில் வந்த பெயரையெல்லாம் போட்டு அனுப்புவார்கள், அத்தனையும் உள்ளே வரும். அணைத்துவிடுங்கள்.

இது எப்போது போதும்? முகவரி ஒன்றோ இரண்டோ, வெளியே அனுப்புவது அபூர்வம், வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்பிலும் போனிலும் நடக்கிறது என்றால் போதும். தோவாளையில் பூ மொத்த வியாபாரம் செய்கிறவருக்கு இதற்கு மேல் எதற்கு? எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டையும் பேனலில் இயக்கி, வெப்சைட்டின் தொடர்புப் படிவத்துக்கு ஒரு கேப்ட்சா (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) போட்டு, பழைய ஆட்களின் முகவரிகளை நீக்கிவிட்டால் சரி.

## கட்டண மெயில் சேவை

ஜோஹோ, கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 மூன்றும்தான் இங்கே பேச்சில் அடிபடுபவை. வடிகட்டும் திறமையில் மூன்றும் ஹோஸ்டிங் மெயிலைவிட வெகு தூரம் முன்னால். புத்திசாலித்தனத்தைவிட அளவே காரணம். கோடிக்கணக்கான பெட்டிகளைப் பார்ப்பதால், ஒரு புதிய மோசடி மெயில் நாலு பேருக்குப் போவதற்குள் மற்றவர்களுக்குத் தடுத்துவிட முடிகிறது.

விலையில் ஜோஹோவின் சின்னத் திட்டம் மற்ற இரண்டையும்விடத் தெளிவாகக் குறைவு. கம்பெனி நம் பக்கத்தது, தென்காசி அருகே மத்தளம்பாறையிலேயே அலுவலகம் உண்டு. அதற்காகவே வாங்க வேண்டாம், ஆனால் ரூபாயில் பில், இந்தியாவிலேயே தரவு மையம் என்பவை ஏற்றுமதிக்காரருக்கும் கல்லூரிக்கும் உதவும். கூகுளின் பலம் எல்லோருக்கும் பழகிய ஜிமெயில் முகம். வயதான கணக்குப்பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட், எக்செலும் வேர்டும் எப்படியும் காசு கொடுத்து வாங்குகிற அலுவலகத்துக்குக் கணக்கில் சரிவரும்.

இந்த வழியை நான் தூக்கிப் பிடிக்கக் காரணம் இரட்டைச் சரிபார்ப்பு. பாஸ்வேர்ட் மட்டும் களவு போனால் போதாது, போனில் உள்ள ஆப் காட்டும் எண்ணும் வேண்டும் என்ற ஏற்பாடு. நிர்வாகி ஒரே இடத்தில் எல்லோருக்கும் கட்டாயமாக்கலாம். வழக்கமில்லாத இடத்திலிருந்து லாகின் நடந்தால் எச்சரிக்கை வரும், வெளியே ஃபார்வர்ட் போடுவதையே தடை செய்யலாம். முந்திரி ஆலைக்காரரின் சத்தமில்லாத திருடனுக்கு எதிராக இதைவிட மலிவான பூட்டு கிடையாது.

மறைந்த செலவுகளைப் பார்ப்போம். பட்டியல் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆளுக்கு ஆள் கட்டணம் என்பதால், விசாரணை, கணக்குப் பிரிவு, விற்பனை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வாங்கிவிடுகிறார்கள். அவசியமே இல்லை. அவற்றை மாற்றுப் பெயராகவோ குழு முகவரியாகவோ வைத்தால் கூடுதல் காசு கிடையாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்குக்கு இரண்டு வருடமாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் அலுவலகங்களும் உண்டு. அந்தப் பழைய கணக்குதான் திருடனுக்கும் பிடித்தது, யாரும் பார்க்காததால்.

ஜோஹோவின் இலவசத் திட்டம் ஐந்து பேர் வரைக்கும் உண்டு, ஆனால் அவுட்லுக் போன்ற வெளி மென்பொருளில் இணைத்துப் பார்க்கும் ஐமேப் வசதி அதில் இல்லை. பழைய கருவிகளிலும் சிக்கல் வரும். வெறும் பாஸ்வேர்டை வைத்து நுழைவதை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்த ஆரம்பித்தது, கூகுளும் அதே வழியில் போய்விட்டது. டாலியிலிருந்து நேரே இன்வாய்ஸ் அனுப்புகிறவர்கள், ஸ்கேன் செய்து மெயிலில் போடும் பிரின்டர் வைத்திருப்பவர்கள் மாறுவதற்கு முன் ஆப் பாஸ்வேர்ட் (அந்தக் கருவிக்கென்றே தனியாக உருவாக்கும் பாஸ்வேர்ட்) ஏற்பாட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் அனுப்பும் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு 2,000. கல்லூரியின் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே தட்டில் அனுப்ப இது இடமில்லை. மொத்தமாக அனுப்பும் சேவை தனி. அதை முக்கிய டொமைனில் கலக்காமல் ஒரு துணை டொமைனில் வைத்தால், புகார் வந்தாலும் முதல்வரின் மெயில் அவ்வளவாகப் பாதிக்காது.

இதற்கிடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். எந்த வழிக்கு மாறுவதாக இருந்தாலும் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வெப்சைட் செய்தவர் தன் பெயரிலேயே, தன் மெயில் முகவரியிலேயே பதிவு செய்து வைத்திருப்பது சர்வ சாதாரணம். அவரோடு மனஸ்தாபம் வந்தாலோ, அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டாலோ, டி.என்.எஸ்.-இல் ஒரு வரி சேர்க்க வழியிருக்காது. புதுப்பிக்க மறந்தால் டொமைனே கைமாறிவிடும், வாங்கியவன் உங்கள் பெயரிலேயே மெயில் வாங்கலாம், அனுப்பலாம்.

## சொந்த மெயில் சர்வர்

வி.பி.எஸ். (இணையத்தில் கிடைக்கும் வாடகை சர்வர்) ஒன்று எடுத்து, லினக்ஸில் மெயிலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் வைத்துக் காட்ட டவ்காட், ஸ்பேமை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி மூன்றையும் போட்டால் சர்வர் தயார். மென்பொருள் எல்லாம் இலவசம். போஸ்ட்ஃபிக்ஸ், வீட்சே வெனமா ஐ.பி.எம்.-இல் இருந்தபோது எழுதியது, 1998-இல் வெளிவந்து இன்றும் உறுதியாக நிற்கிறது. காகிதத்தில் இதுதான் மலிவான வழி. நூறு பெட்டியும் இருநூறு பெட்டியும் ஒரே வாடகை.

ஆசைப்படும் முன் சில விவரங்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் பல, ஸ்பேமுக்குப் பயந்து 25-ஆம் போர்ட்டில் (சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கொடுத்து வாங்கும் வாசலில்) வெளியே அனுப்புவதைத் தொடக்கத்திலேயே மூடி வைத்திருக்கின்றன. சிலர் கேட்டால் திறப்பார்கள், சிலர் திறக்கவே மாட்டார்கள். கிடைக்கும் ஐ.பி. முகவரி, முன்பு யாரோ ஸ்பேம் அனுப்பிக் கெடுத்ததாக இருக்கலாம். தலைகீழ் டி.என்.எஸ். (ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் பதிவு) காட்டும் பெயர் பொருந்தாவிட்டால் ஜிமெயில் ஏற்காது. இவை எல்லாம் சரியாக இருந்தாலும், புதிய ஐ.பி.க்கு நல்ல பெயர் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்ப வேண்டும்.

"ஆபீஸ்லயே ஒரு கம்ப்யூட்டர்ல ஓட்டினா?" என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வீட்டு, அலுவலக பிராட்பேண்ட் ஐ.பி.களை, பிளாக்லிஸ்ட் தொகுக்கும் அமைப்பான ஸ்பாம்ஹவுஸ் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது, அங்கிருந்து நேரே வரும் மெயிலைப் பல சர்வர்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். அப்புறம் கரண்ட். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு மாவட்டத்தில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம் என்பது யாருக்கும் மறந்திருக்காது. சர்வர் அணைந்திருந்தால் அனுப்புகிறவரின் சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும், அதற்குள் வந்துவிட்டால் மெயில் தொலையாது. அந்தப் புயலில் பல ஊர்களுக்கு அந்த நான்கைந்து நாள் போதவில்லை.

தடுப்பு ஏற்பாடுகளில் சொந்த சர்வருக்கு உள்ள சுதந்திரம் வேறெதிலும் இல்லை, நன்றாகத் தெரிந்தவர் கையில் அருமையாக ஓடும். வாசலில் ஸ்பாம்ஹவுஸ் போன்ற பிளாக்லிஸ்டைக் கேட்பது முதல் அடுக்கு. இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சர்வர் தன் டி.என்.எஸ். தேடல்களுக்குக் கேட்கும் இடம் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது முகவரியாக இருந்தால் ஸ்பாம்ஹவுஸின் இலவசச் சேவை பதில் தராது, ஒரு பிழை எண்ணைத்தான் திருப்பும். அதைத் தப்பாகப் படிக்கும்படி அமைத்திருந்தால் வரும் மெயில் அத்தனையும் ஸ்பேம் ஆகிவிடும். சர்வரிலேயே அந்தத் தேடலைச் செய்யும் ஒரு சொந்த டி.என்.எஸ். ரிசால்வர் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அடுக்கு கிரேலிஸ்டிங். முதல்முறை வரும் அனுப்புநரை "சற்று நேரம் கழித்து வா" என்று திருப்புவது. உண்மையான சர்வர் திரும்பி வரும், ஸ்பேம் நிரல் பெரும்பாலும் வராது. 2003-இல் வந்த எளிய யோசனை. குறை என்னவென்றால் ஓ.டி.பி. மெயிலும் தாமதமாகும், வங்கிக் கணக்கில் நுழையக் காத்திருக்கும் ஆள் கத்துவார். இப்போது மதிப்பெண் சந்தேகமாக இருக்கும் மெயிலுக்கு மட்டும் இதைப் போடுவது வழக்கம், அது நல்லது.

வேண்டாத மெயிலை வாசலிலேயே மறுக்க வேண்டும். உள்ளே வாங்கிக்கொண்டு பிறகு "சேரவில்லை" என்று பவுன்ஸ் மெயில் அனுப்பினால், அனுப்புநர் முகவரி போலியாக இருக்கும்போது, சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் உங்கள் பவுன்ஸ்களில் மூழ்குவார். அதற்காகவும் பிளாக்லிஸ்டில் விழலாம்.

நம் சர்வரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் இருக்க: யார் அனுப்பினாலும் யாருக்கும் கடத்தும் திறந்த ரிலேயாக இருக்கக் கூடாது. போஸ்ட்ஃபிக்ஸ் தொடக்க அமைப்பில் அப்படி இல்லை, எதையோ சரிசெய்யப் போய்த் திறந்துவிடுவதுதான் நடக்கும். நம் ஆட்கள் அனுப்ப 587 அல்லது 465 போர்ட் மட்டும், பாஸ்வேர்டும் மறைகுறியாக்கமும் கட்டாயம். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப முயல்பவனை ஃபெயில்2பேன் போன்றது தடுக்கட்டும். ஒரு கணக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனைதான் அனுப்பலாம் என்ற வரம்பு அவசியம். இதைச் சொன்னால் சிலர் "நம்ம ஆளுங்கதானே" என்பார்கள். பாஸ்வேர்டைக் களவாடியவனும் சர்வருக்கு நம் ஆள்தான். வரம்பு இருந்தால் ஒரு ராத்திரியில் ஐம்பதாயிரம் போக வேண்டிய இடத்தில் சில நூறோடு நிற்கும்.

இத்தனையும் செய்தாலும் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் வீண். 2019-இல் எக்ஸிம் மெயில் சர்வரில் ஒரு ஓட்டை வெளியானதும் சில நாட்களிலேயே அதைப் பிடித்துத் தாக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2021 மார்ச்சில், நிறுவனங்கள் தாங்களே நடத்திய மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள் உலகம் முழுக்க அடி வாங்கின. புதுப்பிப்பு வந்த அன்றே போட ஒரு ஆள் வேண்டும். சைபர் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு. சொந்த சர்வர் என்றால் அந்தப் பதிவுகளைச் சேமிப்பதும் நம் தலையில்தான்.

ஆக, இந்த வழியின் உண்மையான விலை ஒரு ஆளின் சம்பளம். நம் மாவட்டத்தில் ஆள் இல்லாமல் இல்லை, நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள் என்பதுதான் சிக்கல். போனவரிடம் சனிக்கிழமை ராத்திரி போன் போட்டுக் கெஞ்சும் நிலை வரும். ஒருவர் போனாலும் இன்னொருவர் பார்ப்பார் என்று சொல்ல முடிகிற இடம் மட்டும் இதில் இறங்கலாம்: கம்ப்யூட்டர் துறையும் நிரந்தர சிஸ்டம் நிர்வாகிகளும் உள்ள பொறியியல் கல்லூரி மாதிரி. மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் தனி டொமைனில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள், கல்லூரி அலுவலக மெயிலில் வேண்டாம்.

## சொந்த சர்வருக்கு முன்னால் வடிகட்டி

ஏற்கெனவே சர்வர் இருக்கிறது, பெட்டிகள் நூற்றுக்கணக்கில், தூக்கி மாற்ற முடியாது என்பவர்களுக்கு இது. பெரிய மருத்துவமனைகள், பழைய கல்லூரிகள். டொமைனின் எம்.எக்ஸ். பதிவை (வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டி.என்.எஸ்.-இல் சொல்லும் வரியை) வடிகட்டிச் சேவைக்குத் திருப்பினால், எல்லா மெயிலும் அங்கே வடிந்து நம் சர்வருக்கு வரும். வெளியே போவதையும் ஒரு ரிலே சேவை வழியாக அனுப்பினால் ஐ.பி. பெயர் கெடும் கவலையும் போகும்.

இதில் மறக்கக் கூடாதது ஒன்றுதான். வடிகட்டியைப் போட்ட பிறகு, நம் சர்வர் 25-ஆம் போர்ட்டில் அந்தச் சேவையின் ஐ.பி.களிடமிருந்து மட்டும் வாங்கும்படி ஃபயர்வாலில் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழைய முகவரி தெரிந்த ஸ்பேமர்கள் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே வருவார்கள். காசும் கட்டி ஸ்பேமும் வாங்குகிற கதை.

மெயில் காணவில்லை என்றால் இரண்டு இடத்தில் தேட வேண்டும். எஸ்.பி.எஃப். பதிவில் ரிலேயையும் சேர்க்க வேண்டும். அது செய்யும் டி.என்.எஸ். தேடல்கள் பத்தைத் தாண்டினால் பதிவே செல்லாது. ஹோஸ்டிங், ரிலே, மொத்த மெயில், கட்டண மெயில் என்று நாலைந்து சேவைகளைச் சேர்த்தால் பத்து சீக்கிரம் வந்துவிடும்.

## அந்த மூவருக்கும் என் பதில்

லாட்ஜ்காரர் கட்டண சேவையில் சின்னத் திட்டம், இரண்டு கணக்கு மட்டும் எடுக்கட்டும். ரிசப்ஷன் முகவரி குழுவாக இருக்கட்டும், இரண்டு பேர் பார்ப்பார்கள். ஜிமெயிலுக்குப் போட்ட ஃபார்வர்டை எடுத்துவிட வேண்டும். அவருக்கு சொந்த சர்வர் என்ற பேச்சே வேண்டாம்.

முந்திரி ஆலைக்காரரும் அதே வழிதான், ஆனால் அவர் காசு பார்க்காமல் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு, வெளி ஃபார்வர்டுக்குத் தடை இரண்டையும் போட வேண்டும். அதோடு அலுவலகத்தில் ஒரு கண்டிப்பு: கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து அந்த வியாபாரியின் குரலைக் கேட்ட பிறகே பணம். ஏமாந்துவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த அதுதான் வாய்ப்பு.

கல்லூரிக்கு சர்வர் வேண்டாம் என்பது என் கட்சி, கம்ப்யூட்டர் துறைத் தலைவர் கோபித்துக்கொண்டாலும் சரி. அலுவலக மெயில் கட்டண சேவையில், பெற்றோர் சுற்றறிக்கை துணை டொமைனில் தனிச் சேவை வழியாக. கல்வி நிறுவனங்களுக்கு கூகுளும் மைக்ரோசாஃப்டும் தகுதி பார்த்துக் கட்டணமில்லாத திட்டம் தருகின்றன, முதலில் அதற்கு விண்ணப்பிக்கட்டும்.

மூவருக்கும் டி.மார்க் பொதுவானது. முதலில் "நன்" (none, பொருந்தாவிட்டாலும் ஒன்றும் செய்யாதே) என்று வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். உங்கள் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அனுப்புகின்றன என்று தெரியும். மறந்துபோன பில்லிங் மென்பொருள் ஒன்று நிச்சயம் அதில் தலைகாட்டும். அதைச் சரிசெய்துவிட்டு "குவாரன்டைன்" (ஸ்பேமில் ஒதுக்கு), பிறகு "ரிஜெக்ட்" (வாங்காதே). முதல் நாளே "ரிஜெக்ட்" போட்டால் உங்கள் இன்வாய்ஸை நீங்களே தடுத்துக்கொள்வீர்கள்.

மாற்றும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்.எக்ஸ். மாறும் ஓரிரண்டு நாள் மெயில் பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் பிரிந்து வரும். டி.என்.எஸ். பதிவின் டி.டி.எல். நேரத்தை (பழைய பதிவைப் பிற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முந்தைய வாரமே குறைத்து, பழைய பெட்டிகளை ஒரு மாதமாவது மூடாமல் வைத்தால் ஒன்றும் தொலையாது. கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் குமரிமுனை நிரம்பி வழியும். லாட்ஜ்காரர் அந்த நேரத்தில் இதில் கை வைக்க வேண்டாம். ரூம்கள் காலியாகக் கிடக்கும் ஆனி, ஆடி மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாற்றினால், கோளாறு வந்தாலும் வார இறுதிக்குள் சரிசெய்ய ஆள் கிடைக்கும்.